ஸ்டீம் டெக்கின் சிப் ஸ்லொட்: மட்டையில் 200, கைக்கு வருவது 90

போன வருசம் கனடாவில் இருந்து வந்த மச்சான், தான் பாவித்துச் சலித்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். 256 ஜிபி, எல்சிடி திரை, பழைய மொடல். இலங்கையில் இதைத் தயாரித்த வால்வ் நேரடியாக விற்பதில்லை, யாராவது சூட்கேசுக்குள் உடுப்புக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தால்தான் உண்டு. திரை எப்படி, பட்டன் எப்படி, பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அதன் கீழ் விளிம்பில் வலப்பக்கமாக இருக்கிற, சிப் என்று நாங்கள் சொல்கிற மெமரி கார்ட்டைச் செருகும், சுண்டுவிரல் நகம் அளவான அந்த ஓட்டையைப் பற்றி. மூன்று மாதத்தில் நான் அதிகம் மல்லுக்கட்டியது அதோடுதான்.

256 ஜிபி என்றால் கேட்க நிறைய மாதிரி இருக்கும். அதில் இயங்குதளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில் பெரிய கேம் ஒன்றும் நடுத்தரமான கேம் இரண்டும் போட்டால் சிவப்புக் கோடு வந்துவிடும். ஒன்றை அழித்து ஒன்றைப் போடலாம்தான், ஆனால் 80 ஜிபி கேமை ஒவ்வொரு முறையும் இறக்க எங்கள் வீட்டு இணையத்துக்கும் என் பொக்கற்றுக்கும் தெம்பில்லை. இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் 60 வீதத்தில் நிற்கும். ஆக மெமரி கார்ட் வாங்குவது தவிர வேறு வழியில்லை.

யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடை மாதிரி வரிசையாகத் தொங்குகிறது, சிவப்பு, தங்க நிறம், நீலம். கடையில் நின்ற பெடியன் நல்ல கெட்டிக்காரன்.

"அண்ணை, இது 200 எம்பி ஸ்பீட் சிப். வெளியில போட்டிருக்குப் பாருங்கோ. மற்றது 100 தான். விலை டபுள், ஆனா டபுள் ஸ்பீட்."

மட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் 200 என்று கட்டைவிரல் பருமனில். பின்பக்கம், கண்ணாடி போட்டாலும் வாசிக்கச் சிரமப்படும் எழுத்தில், இந்த வேகம் எங்களுடைய இன்ன கார்ட் ரீடரில் அளந்தது, மற்றக் கருவிகளில் குறையலாம் என்ற மாதிரி ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்தான் முழுக் கதையும் இருக்கிறது. பெடியன் பொய் சொல்லவில்லை, மட்டையில் இருந்ததைத்தான் சொன்னான்.

விசயம் இதுதான். மைக்ரோ எஸ்டி கார்ட்டுக்கும் அது போய் உட்காரும் ஸ்லொட்டுக்கும் இடையில் ஒரு பொதுவான பேச்சுமொழி வேண்டும். ஆரம்பகாலத்து எஸ்டி செக்கனுக்கு 12.5 எம்பி பேசியது, பிறகு 25. 2010 இல் யூஎச்எஸ்-1 வந்தது, அதன் உச்சம் 104. அடுத்த வருசம் யூஎச்எஸ்-2, உச்சம் 312, ஆனால் அதற்குக் கார்ட்டின் பின்பக்கம் இரண்டாவது வரிசையாகச் செப்புப் பட்டைகள் வேண்டும், ஸ்லொட்டிலும் அதைத் தொடுகிற கம்பிகள் வேண்டும். கார்ட்டில் ரோமன் இலக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தால் ஒன்று, இரண்டு கோடு போட்டிருந்தால் இரண்டு. ஸ்டீம் டெக்கில் இருப்பது ஒன்று. ஸ்லொட் 104 க்கு மேல் பேசாது, நீங்கள் எந்த ராசாவைக் கொண்டுபோய் உள்ளே இருத்தினாலும்.

அப்படியென்றால் ஒற்றைக் கோடு போட்ட கார்ட்டிலேயே 160, 190, 200 என்று எப்படிப் போடுகிறார்கள்? அது எஸ்டியின் பொதுத் தரத்தில் இல்லாத ஒரு தனிவழி. சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வகைகளை எடுத்தால், அவர்களுடைய சொந்த ரீடரில் செருகினால் அந்த வேகம் வரும், ரீடரும் கார்ட்டும் ஒரே வீட்டுப் பாசையில் கதைத்துக்கொள்ளும். டெக்குக்கு அந்தப் பாசை தெரியாது, நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் தெரியாது. அங்கே போனால் அது சாதாரண யூஎச்எஸ்-1 கார்ட். தோட்டத்துக் கிணற்றில் மூன்று அங்குல பம்ப் பூட்டிவிட்டு முக்கால் அங்குலக் குழாயால் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிற கதை.

ஆக நான் வாங்கியது 100 என்று போட்டிருந்த, வி30, ஏ2 குறிகள் (இவை பிறகு வரும்) உள்ள 512 ஜிபி கார்ட். மிஞ்சின காசில் ஒரு யூஎஸ்பி 3 ரீடர். அந்த ரீடரைப் பற்றிப் பிறகு வருகிறேன், சொல்லப்போனால் இந்த முழுக் கொள்வனவிலும் உருப்படியானது அதுதான்.

டெக்கை டெஸ்க்டொப் முறைக்கு மாற்றி, கேடிஸ்க்மார்க் என்ற செயலியை இறக்கி அளந்து பார்த்தேன். நேர்வரிசையாக வாசிப்பது செக்கனுக்கு 92 எம்பி, எழுதுவது 67. கைவசம் 160 என்று போட்ட கார்ட் ஒன்றும் இருந்தது, கலியாண வீடு எடுக்கிற நண்பனுடையது, அதைக் கெஞ்சி வாங்கிச் செருகினேன். 93. ஒரே ஒரு எம்பி கூட. எழுதுவதில் அது கொஞ்சம் நல்லாயிருந்தது, 74 வந்தது, ஒத்துக்கொள்கிறேன். டெக்கின் உள்ளே இருக்கிற சொந்தச் சேமிப்பான எஸ்எஸ்டியை அளந்தால் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. 92 எங்கே, 2,000 எங்கே, கார்ட்டில் இருந்து கேம் விளையாடவே ஏலாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

ஆனால் போனின் ஸ்டொப்வொட்சை வைத்துப் பார்த்தபோது வேறு கதை. ஒரு பெரிய திறந்தவெளிக் கேமில், சேமித்த இடம் திரையில் வரும்வரை உள்ளே இருந்து 27 செக்கன், கார்ட்டில் இருந்து 35. சின்னக் கேம்களில் வித்தியாசமே தெரியாது. கேம் லோட் ஆகும்போது பாதி நேரம் புரொசசர் சுருக்கி வைத்ததைப் பிரித்துக்கொண்டிருக்கும், கார்ட் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும், அதனால் இருபது மடங்கு வேக வித்தியாசம் இருபது மடங்கு காத்திருப்பாக வருவதில்லை. எட்டுச் செக்கன். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடிக்கிற நேரம். விளையாடும்போது ஒரு கேமில் மட்டும், குதிரையில் வேகமாக ஓடினால், தூரத்து மரங்கள் கொஞ்சம் பிந்தி முளைக்கின்றன. அவ்வளவுதான்.

சரி, விளையாட்டில் குறையில்லை. குறை எங்கே என்றால் அப்டேட்டில். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 2 ஜிபி அப்டேட் ஒன்று வந்தது, இறங்கி முடிந்தது, பிறகு 40 நிமிடம் நீலக் கோடு அசையாமல் நின்றது. இணையம் போய்விட்டதென்று ரௌட்டரை இரண்டு தரம் அணைத்துப் போட்டேன். இணையத்தில் பிழையே இல்லை. பெரிய பைலின் நடுவில் நாலு இடத்தை மாற்றவேண்டும் என்றால் ஸ்டீம் (டெக்கில் கேம் வாங்கி இறக்குகிற வால்வின் செயலி) பழைய பைலை வாசித்து, புதிய துண்டைச் சேர்த்து, முழுவதையும் திரும்ப எழுதுகிறது. வாசிப்பதும் அதே கார்ட், எழுதுவதும் அதே கார்ட், ஒற்றை வழிப் பாலத்தில் இரண்டு பக்கத்து வாகனமும் போகிற மாதிரி. இந்த இடத்தில்தான் 92 என்ற எண்ணும் பொய்யாகிப்போகிறது, ஏனென்றால் அது பெரிய பைலை நேர்வரிசையாக வாசிக்கும் வேகம். சின்னச் சின்னத் துண்டாக அங்குமிங்கும் தேடி வாசிக்கச் சொன்னால் என் கார்ட் செக்கனுக்கு 9 எம்பிதான் தந்தது.

அதை அளக்கத்தான் ஏ1, ஏ2 என்ற குறிகள். ஏ1 என்றால் செக்கனுக்குக் குறைந்தது 1,500 தரம் வாசிக்கும், 500 தரம் எழுதும். ஏ2 என்றால் 4,000 உம் 2,000 உம். கேட்க ஏ2 தான் நல்லது, ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 4,000 வரவேண்டும் என்றால், வேலைகளை வரிசைப்படுத்திக் கார்ட்டிடம் மொத்தமாகக் கொடுக்கும் முறையைக் கருவியும் ஆதரிக்கவேண்டும். பல கருவிகள் ஆதரிப்பதில்லை, அங்கே ஏ2 கார்ட் ஏ1 மாதிரித்தான் ஓடும். விலை வித்தியாசம் சின்னதென்றால் ஏ2 எடுங்கள், பெரிதென்றால் விடுங்கள். நான் இப்போது செய்வது, அடிக்கடி அப்டேட் வருகிற கேம்களை உள்ளேயும், முடிந்துபோன பழைய கேம்களைக் கார்ட்டிலும் வைப்பது. உள்ளிருந்து கார்ட்டுக்கு 100 ஜிபி மாற்ற 26 நிமிடம் அளவில் எடுக்கும். இன்னொரு வழியும் இருக்கிறது: 2023 இல் இருந்து ஸ்டீம், ஒரே வீட்டு வலையமைப்பில் இருக்கும் இன்னொரு கொம்பியூட்டரில் அந்தக் கேம் இருந்தால் அங்கிருந்தே கொப்பி பண்ணிக்கொள்ளும், இணையத்தைத் தொடாது. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிற எங்களுக்கு இது பெரிய புண்ணியம். கோண்டாவிலில் இருக்கிற நண்பன் தன் லப்டொப்பைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வைஃபையில் இணைத்தான், 90 ஜிபி ஒரு சதம் டேட்டா போகாமல் வந்தது, அம்மா வைத்த ஒடியல் கூழைக் குடித்து முடிக்க அதுவும் முடிந்தது.

அடுத்தது அக்காவின் மகனின் கதை. அவனுக்குப் பன்னிரண்டு வயது, கொம்பியூட்டரில் என்னைவிடக் கெட்டி. டெக்கில் இருந்த கார்ட்டைக் கழற்றி, ஏதோ படம் ஒன்றை ஏற்றுவதற்காக விண்டோஸ் லப்டொப்பில் செருகியிருக்கிறான். டெக் தன் கார்ட்டை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் முறையில் ஃபோர்மட் பண்ணும், விண்டோஸுக்கு அது வாசிக்கத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு இருந்தால் பரவாயில்லை, விண்டோஸ் என்ன கேட்கிறது என்றால், இந்த டிஸ்க்கைப் பாவிக்கமுதல் ஃபோர்மட் பண்ணவேண்டும், பண்ணட்டோ? என்று. அவன் ஓம் என்றுவிட்டான்.

"மாமா, அதுதான் கேட்டது. நான் சும்மா ஓம் எண்டு குடுத்தனான்."

கோவிக்கவும் முடியவில்லை, கேட்டதுக்குப் பதில் சொன்னது அவனுடைய பிழையா? 300 ஜிபி போனது. டெக்கின் கார்ட்டை விண்டோஸில் செருகினால் அந்தக் கேள்வி வரும், வந்தால் வேண்டாம் என்பதை அமத்திவிட்டுக் கார்ட்டைக் கழற்றுங்கள். இதைக் கொஞ்சம் பெரிதாக எழுதி லப்டொப்பில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

அவனாவது சின்னப் பெடியன். நான் செய்தது இன்னும் மோசம். விசிறியில் தூசி பிடித்துக் கத்தத் தொடங்கியது (இங்கத்தைய வைகாசி வெயிலையும் புழுதியையும் தெரியும்தானே), கழற்றித் துடைப்போம் என்று மேசையில் துவாய் விரித்து உட்கார்ந்தேன். பின்பக்கம் எட்டு ஸ்குறூ. எட்டையும் கழற்றி ஒழுங்காகச் சிரட்டை ஒன்றுக்குள் போட்டேன், மூடியின் விளிம்பில் பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாக நெம்பினேன், கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக நின்றது, இன்னும் கொஞ்சம் நெம்பினேன். முறுக்கு உடைந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அது கார்ட். கழற்ற மறந்துவிட்டேன். ஸ்லொட் உள்ளே பலகையில் இருக்கிறது, கார்ட்டின் வால் பின்மூடியின் ஓட்டைக்குள்ளால் வருகிறது, மூடியைத் தூக்கினால் கார்ட் நடுவில் முறியாமல் வேறு எங்கே போகும்? டெக்கைக் கழற்றும் வழிகாட்டிகள் எல்லாவற்றிலும் முதல் வரியே கார்ட்டை எடுங்கள் என்பதுதான். நான் இரண்டாவது வரியில் இருந்து வாசித்தவன். முறிந்த கார்ட்டின் பாதி ஸ்லொட்டுக்குள் நின்றது, அம்மாவின் புருவம் பிடுங்குகிற சின்னக் குறட்டால் எடுத்தேன். ஸ்லொட் தப்பியது. 512 ஜிபி இரண்டு துண்டாக இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது.

இந்த ஸ்லொட்டில் எனக்குப் பிடிக்காத ஒரே விசயம் அந்த அமைப்பு. மற்றப்படி அமத்தினால் உள்ளே போய் டிக் என்று நிற்கும், திரும்ப அமத்தினால் வெளியே வரும், தளர்ச்சி இல்லை. கேம் பாதியில் நிற்கும்போது, டெக் உறக்கத்தில் இருக்கும்போது மட்டும் கார்ட்டை எடுக்கக்கூடாது.

இனி ரீடர். இது டெக்கைவிடப் போனுக்கும் கமராவுக்கும் பொருந்துகிற கதை, ஆனால் டெக்கின் ஸ்லொட்டோடு மல்லுக்கட்டியபிறகுதான் எனக்கு இது வடிவாக விளங்கியது. என் போனில் கார்ட் போடலாம், இரண்டாவது சிம்மின் இடத்தில். நல்லூர்த் தேரன்று 4கே இல் எடுத்தது, வீட்டில் எல்லாருடைய தொல்லையும் சேர்த்து, 64 ஜிபி. செக்கனுக்கு 100 மெகாபிட்டில் (எட்டு மெகாபிட் ஒரு எம்பி) எடுத்தால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி போகும், ஆக அது ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. போனின் வயரை லப்டொப்பில் கொழுவிக் கொப்பி பண்ணினேன். செக்கனுக்கு 35 எம்பி. அரை மணித்தியாலம். வயர் டைப்-சி, போனின் வாயும் டைப்-சி, ஆனால் நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் அந்த வாய்க்குப் பின்னால் இருப்பது யூஎஸ்பி 2, அது கணக்கிலேயே 60 எம்பி, நடைமுறையில் முப்பது நாற்பது. வாயின் வடிவத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு சிம் ஊசியால் குத்திக் கார்ட்டை வெளியே எடுத்து, அந்த யூஎஸ்பி 3 ரீடரில் போட்டு, லப்டொப்பின் நீல நாக்கு உள்ள வாயில் செருகினேன். அதே 64 ஜிபி, 12 நிமிடம். அதே ரீடரைக் கறுப்பு நாக்குள்ள யூஎஸ்பி 2 வாயில் செருகினால் திரும்பவும் 35. இரண்டு மூன்று கொத்துரொட்டிக் காசுக்கு வாங்கின ரீடர்.

அரை மணித்தியாலத்துக்கும் பன்னிரண்டு நிமிடத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் 2022 ஐ மறந்துவிட்டார்கள். பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம். என்னிடம் அப்போது இருந்தது மேசைக் கொம்பியூட்டர், பழைய ரீடர், செக்கனுக்கு 20 எம்பி. அயலட்டையில் ஒரு சாமத்தியவீட்டு வீடியோவைக் கொப்பி பண்ணிக்கொண்டிருந்தபோது, அதுவும் கொப்பி இல்லை, வெட்டி ஒட்டுகிற முறை, நேரத்துக்கு முன்னமே கரண்ட் போனது. பாதி அங்கே, பாதி இங்கே, நடுவில் ஒரு பைல் இரண்டு இடத்திலும் இல்லை. ஆலாத்தி எடுக்கிற பகுதி. அந்த வீட்டு அன்ரி இப்போதும் என்னைக் கண்டால் முதலில் அதைத்தான் சொல்வா. அன்றில் இருந்து வெட்டி ஒட்டுவதில்லை, கொப்பி மட்டும், இரண்டு பக்கமும் திறந்து பார்த்தபிறகுதான் அழிப்பது.

எடுக்கும்போது வேகம் தேவையில்லையா என்று ஒரு கேள்வி வரும். தேவை, ஆனால் அது வேறு வேகம். வி30 என்று போட்டிருந்தால் எழுதும் வேகம் எந்த நேரத்திலும் செக்கனுக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்று அர்த்தம். 100 மெகாபிட் வீடியோவுக்குத் தேவை 12.5 எம்பி. தாராளம். மட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது உச்சம், வாசிக்கும் உச்சம். எடுக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது மூலையில் சின்னதாக இருக்கிற அந்த வி எழுத்து. ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு இதுவும் வேண்டாம். கோயில்களில் நாதஸ்வரம், தவில் பதிகிற ஒரு அண்ணை சூம் எச்1என் வைத்திருக்கிறார், 24 பிட், 96 கிலோஹேர்ட்சில் பதிந்தாலும் செக்கனுக்கு அரை எம்பி சொச்சம், எந்தப் பழைய கார்ட்டும் தாங்கும். அந்தக் கருவி 32 ஜிபி வரைதான் ஏற்கும். பெரிதாக இருக்கட்டும் என்று 128 வாங்கிக்கொண்டுபோய்ச் செருகிவிட்டுக் கருவி பழுது என்று சொன்னார். 32 ஜிபி வரையும் எஸ்டிஎச்சி, அதற்குமேல் 2 டிபி வரையும் எஸ்டிஎக்ஸ்சி, இரண்டும் வேறு சாதி. எழுத்து கார்ட்டிலேயே இருக்கிறது, ஒருவரும் பார்ப்பதில்லை.

பஸ் நிலையப் பக்கம் ஒருதரம் 1 டிபி என்று போட்ட கார்ட் ஒன்றை நம்பமுடியாத விலைக்கு வாங்கினேன். நம்பமுடியாத விலை என்றால் நம்பக்கூடாது, எனக்கும் தெரியும், சபலம்தான். வீட்டில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியை ஓடவிட்டேன், அது கார்ட் முழுக்க எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்க்கும். 1 டிபி என்று சொல்லும் கார்ட் உண்மையில் வைத்திருந்தது 30 ஜிபி சொச்சம். கார்ட்டுக்குள் இருக்கிற கட்டுப்பாட்டுச் சிப்புக்குப் பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள், இடம் முடிந்தபிறகும் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பழையதற்கு மேல் எழுதும், அல்லது எங்கேயும் எழுதாது. பைல்களின் பெயர் எல்லாம் இருக்கும், திறந்தால் ஒன்றும் இராது. எந்தக் கடையில் வாங்கினாலும், எவ்வளவு தெரிந்த கடைக்காரராக இருந்தாலும், முதல் வேலையாக இந்தச் சோதனையைச் செய்யுங்கள். லினக்ஸ் என்றால் எஃப்3 இருக்கிறது, டெக்கிலேயே ஓடும். பெரிய கார்ட் என்றால் மணித்தியாலக் கணக்கில் எடுக்கும், இரவு போட்டுவிட்டுப் படுக்கலாம்.

பழைய கேம்களுக்காக ஒரு சின்னச் சீனக் கையடக்கமும் வீட்டில் இருக்கிறது. அதன் இரண்டு ஸ்லொட்டிலும் டிஎஃப் என்று போட்டிருக்கும், அது வேறு சாமான் இல்லை, மைக்ரோ எஸ்டி 2004 இல் ட்ரான்ஸ்ஃபிளாஷ் என்ற பெயரில்தான் பிறந்தது, சீனத்தில் அந்தப் பழைய பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. இதில் வேகம் என்ற பேச்சே வேண்டாம், ஒரு கேம் ஓரிரண்டு எம்பி. ஆனால் கூடவே வந்த பெயரில்லாக் கார்ட் நாலாம் மாதம் செத்தது. வந்தவுடன் அதை அப்படியே நல்ல கார்ட் ஒன்றுக்குப் படியெடுத்திருக்கவேண்டும்.

நண்பர்கள் கேட்பது நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 பற்றி. அங்கே கதை முழுக்க மாறிவிட்டது. 2025 ஆனியில் வந்த அந்தக் கருவியில் கேம் போட மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் மட்டும்தான். பழைய ஸ்விட்சின் கார்ட்டைச் செருகினால் அதில் இருக்கிற படங்களையும் வீடியோவையும் எடுத்துக்கொள்ளும், கேமை வைக்க விடாது. எக்ஸ்பிரஸ் என்பது எஸ்எஸ்டி கதைக்கிற பிசிஐஇ மொழியைக் கார்ட்டுக்குள் கொண்டுவந்தது, கணக்கில் 985 எம்பி வரை, விற்கிற கார்ட்டுகளில் 800, 880 என்று போடுகிறார்கள். மட்டையும் ஸ்லொட்டும் ஒரே மொழி பேசுகிற இடம் அது. விலையும் அப்படி. ஆசையில் அந்த எக்ஸ்பிரஸ் கார்ட்டை வாங்கி ஸ்டீம் டெக்கில் போடலாமா என்றும் ஒருவர் கேட்டார். போடலாம், வேலை செய்யும், யூஎச்எஸ்-1 ஆக. யூஎச்எஸ்-2 ஸ்லொட்டில் போட்டாலும் அதே யூஎச்எஸ்-1 தான், ஏனென்றால் அந்த இரண்டாவது வரிசைக் கம்பிகளை எக்ஸ்பிரஸ் வேறு வேலைக்கு எடுத்துவிட்டது. காசைக் கொடுத்து 90 எம்பி.

யூஎச்எஸ்-2 உள்ள கையடக்கம் வாங்கலாமே என்றால், 2023 இல் வந்த, ஆசஸ் நிறுவனத்தின் 'ரோக் அலை' என்ற கையடக்கத்தில் அது இருந்தது. அதில் சூடு கூடினால் கார்ட் ரீடர் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று தயாரித்தவர்களே அந்த வருசம் ஒப்புக்கொண்டார்கள். வேகமான ஸ்லொட், பக்கத்தில் சூடு, அதற்குமேல் யாழ்ப்பாணத்துச் சித்திரை. நான் டெக்கோடு இருக்கிறேன்.

மச்சான் மார்கழியில் திரும்ப வருகிறார். நேற்றுக் கூப்பிட்டு, "என்னடாப்பா, சிப் முறிஞ்சு போச்சாம், இந்தமுறை 200 எம்பி ஒண்டு கொண்டுவரட்டே?" என்று கேட்டார். "வேண்டாம் மச்சான், 100 போட்டது காணும், அதுவும் நான் இங்கேயே வாங்கிறன். ஏலுமெண்டால் நல்ல ரீடர் ரெண்டு கொண்டுவா, ஒண்டு அந்த அன்ரிக்கு" என்றேன்.